நிழலுக்கும் ஒரு செடி

இரவல் காணியில் குடியிருக்கும் எமது குடும்பங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மரத்தடி நிழலே. அங்கே மிளகாயும் கத்தரியும் சரியாகக் காய்ப்பதில்லை. தென்னம்பிள்ளை வைப்பதற்கோ காணி எமதல்ல. அந்த நிழலில் வெண்கோடு ஓடிய குடைக்கோரையை வளர்க்கலாம் என்பதே எமது கருத்து.

கோரை என்றதும் விவசாயி முகம் சுளிப்பது நியாயமே. ஆனால் தோட்டத்தில் எம்மை வாட்டும் கோரை கிழங்கு விட்டுப் பரவுவது. குடைக்கோரையோ பற்றையாக வளர்வது. தண்டின் நுனியில் இலைகள் குடைபோல விரிந்திருக்கும்.

பற்றையைப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் வேரும் இரண்டு மூன்று தண்டுகளும் இருக்கும்படி பழைய வாளியில் நட்டு, கிணற்றடியில் வைத்தால் போதும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காரிருள் ஆகாது, இலைகளினூடே வெளிச்சம் விழ வேண்டும். முழுப் பச்சைத் தண்டு தோன்றினால் அடியோடு அகற்றுங்கள். வெண்பகுதியில் பச்சையம் இல்லாமையால், பச்சைத் தண்டுகளே விரைந்து வளர்ந்து மற்றவற்றை மூடிவிடும். பூங்கதிர்களை முற்றுமுன் நறுக்கிவிடுங்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். வாளியின் கீழ் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும் என்பதையும் மறக்கலாகாது.

"இது சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். போடாது. விற்றுப் பிழைக்கலாம் என்றும் நாம் ஆசை காட்டவில்லை. வெயில் விழும் இடம் முழுவதும் மரக்கறிக்கே உரியது. ஆனால் நட்டு வளர்த்துப் பழகிய கை நிழலிலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பார்க்க அழகான ஒன்றை முற்றத்தில் வைத்திருப்பதும் வீண் ஆடம்பரமல்ல.

இங்கே செடி வைத்தால் ஊர்க்காணியைக் கைவிட்டதாகிவிடும் என்று அஞ்சுவோரும் உளர். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோரில் இன்னும் திரும்பாத குடும்பங்கள் உள்ளன. அவர்களின் அச்சம் எமக்கு விளங்குகிறது. ஆயினும் காணி உரிமையைக் காப்பது உறுதியும் விடாத கோரிக்கையுமேயன்றி, வெறும் முற்றமல்ல. மேலும், இச்செடி வாளியோடு எம்முடன் வரக்கூடியது. திரும்பும் நாளில் பாதியைப் பிரித்து, இடந்தந்தவருக்கு விட்டுச் செல்லலாம்.

பபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு எரேமியா எழுதிய கடிதம் தோட்டங்களை நடச் சொன்னது. அதே கடிதம் ஊர் திரும்பும் நாளையும் வாக்களித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. ஆகவே நட்டு வைப்போம். காணியையும் கேட்டுக்கொண்டே இருப்போம்.