ஒரு காதுக்கும் இடம் கொடுங்கள்



சென்ற ஆண்டு விடுதி உணவுக்கூடத்தில் ஒரு நண்பர்மீது எனக்குக் கடுஞ்சினம் மூண்டது. அவருக்கு இடப்புறம் அமர்ந்து இருமுறை அழைத்தேன், அவர் திரும்பவில்லை. 'புனேவுக்கு வந்ததும் தமிழனைத் தமிழன் மதிப்பது இவ்வளவுதானா!' என்று குமுறியபடி எழுந்து போய்விட்டேன். மூன்று திங்கள் கழித்தே அவருக்கு இடக்காது பிறவியிலேயே கேளாது என்று தெரிந்தது. அதற்கு முன் அவர் அறையில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். ஒருநாளும் ஐயம் எழுந்ததில்லை. (அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.)

அமைதியில் நன்றாகக் கேட்டவருக்கு ஆரவாரத்தில் கேளாமற்போனது ஏன்?

காற்றில் ஒவ்வோர் ஒலிக்கும் தனிப்பாதை கிடையாது. தட்டுகளின் ஓசை, மின்விசிறியின் இரைச்சல், பத்துப்பேர் பேச்சு எல்லாம் கலந்து ஒரே அலையாகவே செவிப்பறையைத் தட்டுகின்றன. 'இது நண்பன் குரல், இது தட்டு' என்று பிரித்துத் தருவது மூளை. அதற்குத் துப்புகள் வேண்டும். ஒரே கணத்தில் தொடங்கி ஒருசேர ஏறி இறங்கும் ஒலிகளை ஒரே பொருளிலிருந்து வருவனவாக அது கொள்ளும். அதிர்வெண்கள் 1, 2, 3 என்ற முழுவெண் விகிதத்தில் நின்றால் அவற்றை ஒரே சுருதியாகக் கூட்டிவிடும்.

நம் மிருதங்கமே இதற்குச் சான்று. வெறுந்தோலின் அதிர்வுகள் அந்த விகிதத்தில் அமைவதில்லை. வலந்தலையில் இடும் கருநிறச் சோறு அவற்றை அந்த ஒழுங்குக்கு இழுத்து வருகிறது; ஆகவேதான் மிருதங்கம் பாடகரின் சுருதியோடு சேர்கிறது. சி. வி. இராமனும் சிவகாளி குமாரும் இதை ஆராய்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே இயற்பியல் அறியாத கைவினைஞன் தன் செவியை மட்டும் நம்பி இதைக் கண்டான் என்பதில் எனக்குச் சற்றுச் செருக்கு உண்டு!

திசையும் ஒரு துப்பு. வலப்புறத்து ஒலி வலக்காதை முந்தி அடைகிறது. எவ்வளவு முந்தி? நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நூலிழையைப் பற்றிக்கொண்டே மூளை குரல்களைப் பிரிக்கிறது. காலின் செர்ரி என்ற ஆங்கில அறிஞர் ஒரே ஆள் படித்த இரு செய்திகளைக் கலந்து கேட்கச்செய்தார். கேட்டோர் பலமுறை கேட்டும் திணறினர். காதுக்கு ஒரு செய்தியாகத் தந்ததும் வேண்டியதை எளிதில் பின்பற்றினர். மறுகாதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூட அவர்கள் உணரவில்லை! இந்த முடிவுகளை அவர் 1953இல் வெளியிட்டார்.

இனி நம் சங்கக் கூட்டத்துக்கு வருவோம். நாற்பதுபேர் அமரும் அறை. அதற்கு ஓர் ஒலிபெருக்கி! பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் ஒரே பெட்டியின் வாயால் பேசுகின்றன. ஒருவரை மற்றவர் இடைமறித்ததும் எல்லாம் கூழாகிவிடுகிறது. திசை என்ற துப்பை நாமே பிடுங்கிக்கொண்டோம். இரு காது உடையவரையும் ஒரு காது உடையவராக்கி வைத்தோம். ஒலியைக் கூட்டிப் பயனில்லை. வேண்டிய குரலோடு வேண்டாத குரலும் அல்லவா சேர்ந்து உயர்கிறது?

'மைக்கு இல்லாவிட்டால் களை ஏது?' என்பார் செயற்குழு நண்பர். பொங்கல் விழாவின் பெரிய மண்டபத்துக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. இந்தச் சிற்றறையில் அதை அணைத்துவிடுங்கள். இரு அணியும் அறையின் இரு பக்கங்களில் நிற்கட்டும். ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசட்டும். முன்வரிசையின் இடக்கோடி இருக்கையை நம் நண்பருக்கு விட்டுவையுங்கள். அங்கிருந்தால் அவையும் மேடையும் அவரது வலக்காதின் பக்கமாக அமையும். இதற்கெல்லாம் காலணாச் செலவில்லை. அடுத்த பட்டிமன்றத்தில் பேச அவரே பெயர் கொடுத்திருக்கிறார். எதிரணி சொல்வது காதில் விழாமல் அவர் எப்படி மறுமொழி சொல்வார்?

உணவுக்கூடத்தில் இப்போதெல்லாம் நான் அவருக்கு வலப்புறந்தான் அமர்கிறேன். பேசிப்பேசி என் சப்பாத்தி ஆறிப்போகிறது.