கூலிச் சீட்டை வாசிக்க ஒரு தமிழ்

புவனகிரியைச் சுற்றியுள்ள வயல்களில் நடவுக் காலத்தில் இப்போது வங்காள மொழி காதில் விழுகிறது. அவ்வாறு வந்து தங்கியிருந்த எழுவருக்கு மாலை நேரத்தில் தமிழ் கற்பிக்க முன்வந்தேன். அகர வரிசையில் தொடங்கியது என் பிழை. மூன்றாம் நாளே பாதிப்பேர் வரவில்லை.

நான்காம் நாள், ஒருவர் மேஸ்திரி எழுதித் தந்த சீட்டை நீட்டினார். எண்கள் அவருக்குத் தெரியும். கடைசி வரியில் இருந்த 600 ரூபாய் தமக்கு வர வேண்டிய பாக்கி என நம்பியிருந்தார். அதற்கு முன் எழுதியிருந்த சொல் 'பிடித்தம்'. அன்றோடு அகர வரிசையைக் கைவிட்டேன். முன்பணம், பிடித்தம், பாக்கி ஆகியவையே பாடமாயின. சந்தையில் ஒரு தரப்புக்கு மட்டுமே தகவல் தெரிந்திருப்பதன் விளைவை, பழைய கார் வணிகத்தை எடுத்துக்காட்டி 1970-இல் விளக்கினார் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப். அதைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்திய எனக்கு, இந்தச் சீட்டு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டாகத் தோன்றியது.

மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், ஊதிய விவரங்கள் கொண்ட கையேடு ஒன்றைத் தொழிலாளியின் மொழியிலும் ஒப்பந்ததாரர் வழங்க வேண்டும் என்றது. எழுவரில் ஒருவரிடமும் அத்தகைய கையேட்டை நான் காணவில்லை. அன்றாடக் கணக்கு தமிழில்தான் ஓடுகிறது.

கேரளம் இதை மறுமுனையிலிருந்து அணுகியது. அம்மாநில எழுத்தறிவு இயக்கம் 2017-இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' திட்டத்தைத் தொடங்கி, 'ஹமாரி மலையாளம்' என்னும் பாடநூல் வழியே வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பித்தது. நம்மிடமும் தன்னார்வலர்களை நம்பிய வயதுவந்தோர் கல்வித் திட்டங்கள் உண்டு. அறிவொளி இயக்கத்தை மறந்திருக்க மாட்டோம். 2022-23 முதல் 2026-27 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களைக் கொண்டே நடப்பது. ஆனால் அது எழுத்தறியாதவர்களுக்கானது. வங்காளத்தில் எட்டாம் வகுப்பு முடித்தவர் அதன் கணக்கில் எழுத்தறிந்தவர். இங்குள்ள சீட்டின் முன்போ கல்லாதவர்.

இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவோருக்குத் தமிழ் எதற்கு என்கின்றனர் நண்பர்கள். இரண்டு மாதக் கூலி சிறு தொகையன்று. தொழிலாளர் துறையும் பள்ளிசாராக் கல்வித் துறையும் இணைந்து, வேலைச் சொற்கள் மட்டும் அடங்கிய இருமொழிச் சிறுநூல் ஒன்றை வெளியிடலாம். கற்பிக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

நடவு முடிந்து ஐவர் ஊர் திரும்பிவிட்டனர். எஞ்சிய இருவர் கட்டட வேலைக்கு மாறியிருக்கிறார்கள். சிமெண்ட் மூட்டைக் கணக்கு எழுதும் விதத்தைக் கேட்கிறார்கள். அதை நானும் கற்றுக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.