குதிரையின் தாய்வழி

மதுரைச் சமவெளியில் குதிரைக்குக் குறைவில்லை. ஐயனார் கோயில்களில் மண்குதிரை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஏறிவரும் தங்கக் குதிரை. திருவிளையாடற் புராணத்திலோ மாணிக்கவாசகர் பொருட்டு நரியே பரியாகிறது. ஆயினும், இன்று நாட்டில் பதிவுபெற்ற குதிரை இனங்களுள் மார்வாரி உண்டு, கத்தியவாரி உண்டு, மணிப்பூரி உண்டு. தமிழகத்துக்குரியது ஒன்றும் இல்லை. பட்டினப்பாலை காலம்தொட்டுக் கடல்வழி வந்த குதிரைகள் என்னவாயின?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விடை தருகிறார். பாண்டிய மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவான்; பேணத் தெரியாமையால் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சாது; உயர்ந்த பெட்டைக்கும் கால் கோணிய குட்டியே பிறக்கும் என்கிறார். அயலார் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஏற்பாடு இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் குறித்திருக்கிறார்.

இவ்விடத்தில் அறிவியலின் துணையை நாம் நாடலாம். உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே குட்டிக்குச் சேரும். ஆண்குதிரையும் அதைத் தாங்கி நிற்கும்; தன் குட்டிக்குத் தராது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகக் குதிரைகளில் 18 தாய்வழிக் கிளைகளைப் பிரித்துக் காட்டியது. தந்தைவழியைக் காட்டும் ஒய் குரோமோசோமிலோ வேறுபாடு மிகக் குறைவு. பொலிகுதிரைகள் சிலவே தெரிந்தெடுக்கப்பட்டன. பெட்டைகளோ பல மந்தைகளிலிருந்து சேர்ந்தன என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இதனால் ஓர் எச்சரிக்கையும் பெறுகிறோம். ஒரே தாய்வழிக் கிளை பல நாட்டுக் குதிரைகளிலும் காணப்படுவதால், அதை மட்டும் கொண்டு ஒரு குதிரையின் தாயகத்தைச் சொல்லிவிட இயலாது. ஆரிய, திராவிட வழக்கில் குதிரையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் இரு தரப்பாரும் இதை மனங்கொள்ள வேண்டும். வீட்டுக் குதிரையின் மூலத்தை வோல்கா, தோன் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் காட்டிய 2021ஆம் ஆண்டு ஆய்வு, முழு மரபணுத் தொகுதியையும் பழைய எலும்புகளையும் சேர்த்தே அம்முடிவை எட்டியது.

எனினும் நம் ஊருக்கான கேள்வி எஞ்சியிருக்கிறது. தென்மாவட்டப் பந்தய வண்டிகளை இழுக்கும் குதிரைகளின் மயிர்வேர்களையும், அகழாய்வில் குதிரைப் பல் கிடைக்குமாயின் அதனையும், அரேபிய, பாரசீகக் குதிரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மனித மரபணு ஆய்வில் பெயர்பெற்ற மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இதற்கு அயலன்று. தமிழ்த்துறையும் உயிரியல் துறையும் ஒரே மேசையில் அமர வேண்டும், அவ்வளவே.

நம் புலவர்கள் போர்க்களத்துப் புரவியைப் பாடினர். பெட்டை என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் குதிரைக்கும் வகுத்திருக்கிறது. அந்தப் பெட்டைகளுள் ஒன்றேனும் இம்மண்ணில் தன் வழியை விட்டுச் சென்றதா என்று பாட்டு சொல்லாது. தேடினால் மயிர்வேர் சொல்லக்கூடும்.