வைஃபை பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

மும்பையில் சயான் கோலிவாடா, தாராவி, செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகள் சிலவற்றில் கப்பலுக்குப் போகிறவரோ, மீன்பிடிப் படகில் பங்கு வைத்திருப்பவரோ ஒருவர் இருப்பார். அவர்கள் இப்போது அதிகம் கேட்கிற கேள்வி: “படகுல வைஃபை போட எவ்வளவு ஆகும்?” லேமிங்டன் ரோட்டுக் கடைக்காரர் இதற்கு உடனே விலை சொல்லிவிடுவார். ஆனால் கேள்வியே கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. சயானில் ஒரு பிளாட்டில் ஃபைபர் கேபிள் சுவர்வரை வந்துவிடுகிறது. வைஃபை பெட்டி அதை அறைக்குள் பரப்புகிறது, அவ்வளவுதான். படகில் கேபிள் கிடையாது. நெட் வர வழி செய்யாமல் ரூட்டரை மட்டும் மாட்டுவது, முனிசிபாலிட்டித் தண்ணீர் ஏறாத மாடியில் புதுக் குழாய் பொருத்துவது போல. படகு நீளமே ஐம்பது, அறுபது அடிதான். அதற்குள் வைஃபை பரப்ப எந்தச் சாதாரண ரூட்டரும் போதும். பணமும் யோசனையும் போக வேண்டிய இடம் வேறு.

முதலில் டவர். கரையோரத்து மொபைல் டவரின் சிக்னல் கடலில் நேர்ப்பார்வையாகத்தான் வருகிறது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். 40 மீட்டர் டவருக்கும், டெக்கில் மூன்று மீட்டர் உயரத்தில் கையிலிருக்கும் போனுக்கும் இடையே, கணக்குப்படி 33 கிலோமீட்டர் வரை மறைப்பில்லை. நடைமுறையில் அவ்வளவு தூரம் எட்டாது. கம்பெனிகள் டவர் ஆன்டெனாவை ஊரைப் பார்த்துத்தான் சாய்த்து வைத்திருக்கின்றன. கடலில் சந்தாதாரர் யார் இருக்கிறார்? தவிர, கேட்பது மட்டும் போதாது, போன் திருப்பிப் பேசவும் வேண்டும். அதன் சக்தி ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான்.

பாவ்சா தக்காவிலிருந்து மாண்ட்வா போகும் படகில் ஏறியவர்களுக்கு இன்னொரு விசித்திரமும் தெரிந்திருக்கும். நடுவழியில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும், நெட் மட்டும் நகராது. தண்ணீர்ப் பரப்பில் தடுக்கக் கட்டடம் இல்லை; கொலாபா, உரண், அலிபாக் என்று நாலா பக்கத்து டவர்களும் ஒரே நேரத்தில் போனின் காதில் விழுகின்றன. ஒன்றின் பேச்சை மற்றது குழப்புகிறது. ஆகவே கோடுகளை எண்ணி ஆன்டெனா வாங்காதீர்கள்.

ஆன்டெனா விஷயத்தில் உயரம்தான் ராஜா. மூன்று மீட்டரில் இருப்பதை மாஸ்டில் ஒன்பது மீட்டருக்கு ஏற்றினால், தொலைவில் கிடைக்கும் சிக்னல் கணக்குப்படி சுமார் ஒன்பது மடங்காகும். எந்தப் பெரிய பிராண்டும் இதைத் தராது. அடுத்து, படகு திரும்பிக்கொண்டே இருப்பதால் ஒரே திசை பார்க்கும் ஆன்டெனா உதவாது. எல்லாத் திசையும் பார்ப்பது வேண்டும். அதிலும் ‘பன்னிரண்டு டிபி’ என்று பெரிய எண் போட்டதைக் கடைக்காரர் நீட்டினால் யோசியுங்கள். எண் கூடக்கூட அது சிக்னலைத் தட்டையாக்கி அனுப்புகிறது. அலையில் படகு உருளும்போது அந்த ஆன்டெனா ஒரு நொடி வானத்தையும் மறுநொடி தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்கும். நான்கிலிருந்து ஆறு டிபிதான் படகுக்குப் பொருந்தும்.

மாஸ்டில் ஆன்டெனாவை வைத்துவிட்டு, கீழே கேபினில் சிம் போடும் ரூட்டரை வைத்து, நடுவே மெல்லிய கேபிளை இழுப்பதுதான் அதிகம் பார்க்கிற கோளாறு. அந்தக் கேபிள் பத்து மீட்டர் போனால், 1,800 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும். ஏற்றிய உயரத்தின் பலன் அங்கேயே போயிற்று. ரூட்டரை மழை புகாத பெட்டியில் ஆன்டெனாவின் காலடியிலேயே வைத்து, மின்சாரத்தை மேலே ஏற்றவும் டேட்டாவைக் கீழே இறக்கவும் ஒரே லேன் கேபிளைப் பயன்படுத்துவது நல்லது. ஒரு மழைக்காலம் கழிந்து கனெக்டரைத் திருகிப் பாருங்கள்: செம்பில் பச்சை படிந்திருக்கும், விரலில் உப்பு ஒட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். சில நூறு ரூபாய் வேலை, இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் நெட் போகிறது என்றால் சிம்மைத் திட்டாதீர்கள். செல்ஃப் எடுக்கும் நொடியில் பேட்டரி வோல்ட் இறங்கி ரூட்டர் அணைந்து எழுகிறது. ஒன்பதிலிருந்து முப்பத்தாறு வோல்ட் வரை வாங்கி, பன்னிரண்டைச் சீராகத் தரும் கன்வெர்ட்டர் ஒன்று போதும். பத்து வாட் ரூட்டர் ஒரு நாள் முழுக்க ஓட 12 வோல்ட் பேட்டரியில் 20 ஆம்பியர்-ஹவர் தேவை. இரண்டு கம்பெனி சிம் போடும் ரூட்டராக வாங்குங்கள். ஒன்று விழும் இடத்தில் மற்றது நிற்கும்.

‘சிக்னல் பூஸ்டர்’ என்று ஒரு பெட்டியும் விற்கிறார்கள். ரூட்டரோடு ஆன்டெனா சேர்ப்பது சட்டப்படி சரி. மொபைல் கம்பெனி அல்லாத தனியாள் பூஸ்டர் வைத்திருப்பது சட்டவிரோதம். பக்கத்து டவரையே அது கெடுக்கும் என்பதால் தொலைத்தொடர்புத் துறை தேடிப் பிடிக்கிறது.

டவர் முடிந்த பிறகு செயற்கைக்கோள்தான். 2018 டிசம்பரில் மத்திய அரசு விமானத்திலும் கப்பலிலும் இணையம் தர விதிகள் வெளியிட்டது. அடுத்த ஆண்டு டாடா குழுமத்தின் நெல்கோ கப்பல்களுக்கு அந்தச் சேவையைத் தொடங்கியது. அலையாட்டத்திலும் செயற்கைக்கோளையே பார்த்துத் திரும்பும் குமிழ் ஆன்டெனா அதற்கு வேண்டும். அது கப்பலுக்கும் எண்ணெய்த் தளத்துக்கும் கட்டுப்படியாகும், மீன் படகுக்கு ஆகாது. ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் லைசென்ஸ் கிடைத்ததும், துபாயிலிருந்து ஒரு டிஷ் வாங்கி வரலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். 26/11 தாக்குதலை நடத்தியவர்கள் ‘குபேர்’ என்ற மீன் படகைக் கடத்தி, கையில் சாட்டிலைட் போனோடு இந்த ஊருக்கு வந்தவர்கள். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் பிடிபட்ட போதைப்பொருள் படகில் ஸ்டார்லிங்க் கருவி இருந்தது. அனுமதியில்லாத சாட்டிலைட் கருவி படகில் இருந்தால் கடலோரக் காவல்படை என்ன நினைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கப்பலில் வேலை பார்ப்பவர்களின் கதை வேறு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது: நியாயமாக முடிகிறவரை கப்பல் உரிமையாளர் மாலுமிகளுக்கு இணைய வசதி தரவேண்டும்; கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்கவேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கையை 2015இல் ஏற்றது. இது சொகுசுக்காக வந்ததல்ல. 2020 ஜூலையில் மொரீஷியஸ் பவளத்திட்டில் ‘வகாஷியோ’ கப்பல் தட்டி, சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. மொபைல் சிக்னல் கிடைக்கும் என்று கரைக்கு நெருக்கமாகப் போகப் பாதையை மாற்றியதாக, அதை வாடகைக்கு எடுத்திருந்த ஜப்பானிய நிறுவனமே பின்னர் சொன்னது. வீட்டோடு பேச வழியில்லாத மனிதனைக் கடலில் வைத்திருப்பது கப்பலுக்கே ஆபத்து.

அதே சமயம் நெட்டை நம்பி உயிர்க்கருவிகளைக் குறைக்கக் கூடாது. போனின் ஜிபிஎஸ் நெட் இல்லாமலே வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்தால் போதும். விஎச்எஃப் வயர்லெஸில் 16ஆம் சேனலில் ஒருமுறை கத்தினால் எட்டும் தூரத்துப் படகுகள் எல்லாம் கேட்கும். வாட்ஸ்அப் குரூப்பால் அது முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரிப் படகுகள் பல, எச்சரிக்கை எட்டாத ஆழ்கடலில் இருந்தன. இப்போது அந்த இடைவெளியை அடைக்க உதவுவது, செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும் இஸ்ரோவின் டாட் கருவி. 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி ஆபத்துச் செய்தி கிடைத்ததென்று திருப்பிப் பதில் சொல்கிறது. புளூடூத்தில் போனோடு சேர்த்தால் கரையிலிருந்து வரும் செய்தியைத் தாய்மொழியில் படிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று பக்கத்துப் பால்கரில்தான், ஒரு லட்சம் படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியே செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார்.

மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. மாஸ்டில் ஏறுவதும், வயர் இழுப்பதும், மீன்வளத் துறையில் டிரான்ஸ்பாண்டருக்குப் பதிவதும் படகு கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில் நடக்கட்டும். பணம் போதவில்லையென்றால் ரூட்டரைத் தள்ளிப்போடுங்கள், விஎச்எஃப்பை அல்ல. டவர் எட்டும் தூரத்தில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. அதை வீல்ஹவுஸ் பலகையில் பெயின்டால் எழுதி வையுங்கள்.