ஒரே மண், நாலு விலை



ஆம்பூர் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் இரண்டு சென்ட் நிலத்தில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மதிப்பு என்ன? சொத்து வரிக்கு நகராட்சி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வழிகாட்டி மதிப்பு என்று பத்திரப் பதிவுத் துறை ஒன்றை வைத்திருக்கிறது. கடன் கேட்டுப் போனால் பேங்க் அனுப்பும் வேல்யூயர் வேறொன்று எழுதுவார். வாங்க வருகிறவரிடம் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்வது நாலாவது. நாலும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஒட்டாமல் இருப்பதையே வசதி என்று நாம் பழகிவிட்டோம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இந்த வேலைக்கென்றே கவுன்ட்டிதோறும் ஓர் அலுவலகம் உண்டு. அதன் தலைவரான சொத்து மதிப்பீட்டாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1 அன்று உங்கள் வீடு சந்தையில் என்ன விலை போகும் என்று அவர் கணக்கிடுவார். வரி விகிதத்தை முடிவு செய்வது வேறு அமைப்பு, பணம் வசூலிப்பது இன்னொரு அலுவலகம். ஆகஸ்டில் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வரும். ‘இது பில் அல்ல, பணம் கட்ட வேண்டாம்’ என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். மதிப்பு கூடுதல் என்று தோன்றினால் 25 நாளுக்குள் தனி வாரியத்தில் முறையிடலாம். அங்கே எல்லாம் பாலும் தேனும் ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. மதிப்புப் போடுகிறவர் யார், எந்தத் தேதிக்குப் போட்டார், யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்கிற மூன்றும் அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். எனக்குப் பொறாமை அதில்தான்.

நம் ஊரில் மதிப்பீட்டாளர் பில் கலெக்டர் உருவத்தில் வருகிறார். கையில் டேப், கக்கத்தில் ரிஜிஸ்டர். எத்தனை சதுர அடி, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, கூரை கான்கிரீட்டா ஓடா, கட்டி எத்தனை வருஷம், வீடா கடையா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். முன்னறையில் நாலு பெண்கள் உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருப்பார்கள். கூலி ஜோடிக் கணக்கு. மூலையில் நூல்கண்டும் தோல் துண்டுகளும் கிடக்கும், பக்கத்திலேயே குழந்தை தூங்கும். அதைக் குடியிருப்பு என்று எழுதுவதா, தொழில் நடக்கும் இடம் என்று எழுதுவதா? 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னையைத் தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800-ஐத் தாண்டிய வீட்டுக்கு 100 சதவீதமும் கூட்டினார்கள். வணிகக் கட்டடத்துக்கு அளவு எதுவானாலும் 100. ஆக, ரிஜிஸ்டரில் விழும் ஒரு சொல்லில் வரி எங்கேயோ போய்விடும். அந்தச் சொல்லை எழுதும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

வழிகாட்டி மதிப்பின் கதை இன்னும் வேடிக்கை. சர்வே எண் வாரியாக, தெரு வாரியாக அரசு போடும் விலை அது. அதற்குக் கீழே பத்திரம் எழுதினால், முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் ஆவணம் மாட்டிக்கொள்ளும். 2012-இல் பெரிய அளவில் ஏற்றினார்கள். 2017 ஜூனில் ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023-இல் கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது, மதிப்பு பழையபடி ஏறியது. ஏறும்போதெல்லாம் நாம் முணுமுணுக்கிறோம், இறங்கினால் சந்தோஷப்படுகிறோம். பத்திர எழுத்தரின் பெஞ்சில் உட்கார்ந்து ‘கைட்லைன் என்னவோ அதையே போடுங்க சார், மீதியை வெளியே பார்த்துக்கலாம்’ என்று சொல்லாதவர் நம்மில் குறைவு. ரோடு போட நிலம் எடுக்க அரசு வரும்போதுதான் வினை தெரிகிறது. சென்னை-பெங்களூரு விரைவுச்சாலைக்கு ராணிப்பேட்டை மாவட்டத்தில் நிலம் எடுத்தார்களே, அதைப் போன்ற நேரத்தில் இழப்பீட்டுக்கு அடிப்படை என்ன தெரியுமா? இதே வழிகாட்டி மதிப்பும், அக்கம்பக்கத்தில் பதிவான பத்திர விலைகளும். நாம் குறைத்து எழுதியதை நமக்கே திருப்பித் தருவார்கள்.

வயலுக்கு வயல் அளந்து மண்ணுக்கு மதிப்புப் போடும் வழக்கம் நம் மண்ணில் ஊன்றியதில் இந்தப் பகுதிக்குப் பெரிய பங்குண்டு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, திருப்பத்தூரும் அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு நிர்வாகப் பொறுப்பேற்றார். திருப்பத்தூரில் இருந்துகொண்டு ஊர் ஊராக அளக்க வைத்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய, உழுபவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அங்கேதான் ஒத்திகை நடந்தது. நஞ்சை, புஞ்சை, மண்ணின் தரம், தீர்வை என்று நிலப் பதிவேடுகளில் இன்றும் நாம் பார்க்கும் கலங்கள் அந்த வழியில் வந்தவை.

அதன் பிறகு பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரிகள் வந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோலால் சோறு தின்ற ஊர்கள். அந்த நன்றியை மறந்துவிட்டு யாரும் பேச முடியாது. ஆனால் கழிவுநீர் போன வாய்க்கால்களின் ஓரத்தில் கிணறுகள் உப்பாயின. நெல் விளைந்த வயலில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பட்டாவிலோ அது நஞ்சையாகவே இருந்தது. மண் செத்ததை எழுத எந்தப் பதிவேட்டிலும் கலம் கிடையாது.

எழுத வைத்தது உச்ச நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. டேனரிகள் நிறைந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுதுமோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் முக்கியமானது அது. இழப்பைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் அமைந்தது. நம் பகுதிக்கு உண்மையான மதிப்பீட்டாளர் அலுவலகம் என்று ஒன்று இருந்ததென்றால், நான் அதைத்தான் சொல்வேன். 2001 மார்ச்சில் அது எழுதிய தொகை 26 கோடியே 82 லட்சம் ரூபாய். பெற வேண்டியவர்கள் 29,193 பேர், கொடுக்க வேண்டியவை 547 டேனரிகள்.

வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருகிறது. தலைமுறையாக உழுத மண்ணும் குடித்த கிணறும் போனதற்கு ஒன்பதாயிரம்! அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசே கொடுத்துவிட்டு டேனரிகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே ஓடியது இருபத்தெட்டு ஆண்டு. தொகை குறைவு என்பதை விட எனக்கு உறைத்தது இன்னொன்று. வரிக்காக என்றால் நம் அரசு தானாகவே வந்து மதிப்புப் போடுகிறது. நம் இழப்புக்கு மதிப்புப் போட நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது.

டேனரி முதலாளிகளை மட்டும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பணம் போட்டு நடத்துகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். என் வருத்தம் பதிவேடுகளின் மேல்.

ஆகவே வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். வழிகாட்டி மதிப்பைத் திருத்தும்போது மாவட்டக் குழு வரைவுப் பட்டியலை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும். அப்போது உங்கள் தெருவின் பெயரைத் தேடிப் பாருங்கள். தப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள்; அதிகம் என்றால் மட்டுமில்லை, குறைவு என்றாலும். ஜமாபந்தி நடக்கும் நாளில் தாலுகா ஆபீசுக்குப் போய், உங்கள் நிலத்தின் அடங்கலில் என்ன பயிர் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கிணறு கெட்டிருந்தால் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். சொத்து வரி ரசீதில் உபயோகம் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு, உச்சவரம்பு ஐயாயிரம் ரூபாய்.

அன்புடன்,
ஆசிரியர்