பாறை சூடு தாங்குமா?

அடுப்புச் சாம்பல் ஆறிவிடும். அணுக்கழிவோ பல ஆண்டுகள் தானாகவே சுடும். தூத்துக்குடிக்குத் தெற்கே, கூடங்குளத்தில் எரிந்து தீர்ந்த எரிபொருளை உலை வளாகத்திலேயே தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்கிறார்கள்.

ஆழத்தில் புதைத்தால்? சூட்டில் பாறை விரியும். விரிசல் விட்டால் நிலத்தடி நீர் உள்ளே புகும். கோலார் தங்கச் சுரங்கத்தில், 1000 மீட்டர் ஆழத்தில், அணு விஞ்ஞானிகள் எட்டு ஆண்டுகள் சோதித்தார்கள். வைத்தது கழிவு அல்ல, மின்சார அடுப்பு! சூடு பரவுவதை அளந்து, கணக்கோடு ஒப்பிட்டார்கள். நல்ல வேலைதான். ஆனால் பாறைக்குப் பாறை குணம் வேறு.

ஆழ்நிலக் கிடங்கு வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. கிடங்கு இன்னும் வரவில்லை.

முத்துக்குளித்த நாளில், கயிற்றை மைத்துனன் கையில் கொடுத்துத்தான் கடலில் இறங்குவார்களாம். இங்கே கயிறு யார் கையில்? இடம் பார்க்கும் முன்பே, சூட்டுக் கணக்கைத் தமிழில் மக்கள் முன் வைக்கட்டும்.