மருமானுக்கு எந்த வண்டி?

பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேறினான் என்ற செய்தி வந்து, அண்டை வீட்டாருக்குக் கற்கண்டு வழங்கி முடிவதற்குள் வீட்டில் வேறொரு பேச்சு எழுந்துவிடுகிறது. எந்தக் கல்லூரி என்பதன்று அப்பேச்சு. எந்த வண்டி என்பதே. சென்ற 2025-ஆம் ஆண்டில் அது நம் வீட்டிலும் எழுந்தது.

சித்தூரில் வாழும் நம் தமக்கையார் கணவரை இழந்தவர். ஒரு தையற்பொறியை நம்பிக் குடும்பத்தை நடத்துபவர். அவருடைய ஒரே மகனுக்குத் திருப்பதிக்கு வெளியே ஒரு பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. பையன் நம்முடன் தங்கிப் படிப்பதென முடிவாயிற்று. அப்பொழுது தமக்கையார் சொன்னார்: “தம்பி, இரண்டு வளையல் இருக்கிறது. அதை வைத்து அவனுக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுத்துவிடு. நீ ரெயில்வேயில் இருப்பவன். எஞ்சின் சமாசாரம் உனக்குத் தெரியாததா?”

நாம் ரெயில்வேயில் பார்ப்பது வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலுமேயன்றி எஞ்சின் அன்று. ஆயினும் இதனை எந்தத் தமக்கையிடம் எடுத்துச் சொல்லித் தப்ப முடியும்?

பையனோ தன் வண்டியை முன்னமே மனத்துக்குள் வாங்கிவிட்டிருந்தான். 200 சி.சி. திறன், முன்னே குனிந்து படுத்தாற்போல் ஓட்டும் பந்தய வண்டிச் சாயல். “மாமா, மலைக்கு ஏற இழுவை வேண்டாமா?” என்று கேட்டான். மலை என்றது திருமலையைத்தான். திருப்பதியில் கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கு ஏழுமலையானிடத்து உள்ள பக்தி எவ்வளவோ, அவ்வளவு பற்று அம்மலைப் பாதையின் வளைவுகளிடத்தும் இருக்கிறது.

நாம் முதலில் பார்த்தது வண்டியை அன்று, அவன் பிறந்த தேதியை. பதினெட்டு நிறைய நவம்பர் மாதம் ஆகவேண்டும். கல்லூரியோ ஆகஸ்டில் திறந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினாறு வயது நிறைந்தவர் 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை உரிமம் பெற்று ஓட்டலாம். மற்றவற்றுக்கெல்லாம் பதினெட்டு. அந்த 50 சி.சி. பெட்ரோல் வண்டிகள் இன்று கடைகளில் கிடைப்பது அரிது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்போகாத, 250 வாட்டுக்குட்பட்ட மின்சார வண்டிக்கு உரிமமும் பதிவும் வேண்டா. ஆனால் அதனைப் பையனிடம் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து நாம் மேலே பேசவில்லை.

“மூன்று மாதந்தானே! எதிர்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பிலிருந்தே ஓட்டுகிறான்” என்றார் தமக்கையார். இங்கே நேயர்கள் ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது 199-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டியின் உடைமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். அப்பிள்ளை இருபத்தைந்து வயது வரை உரிமம் பெற இயலாது. தையற்பொறியை நம்பிய குடும்பத்துக்கு இவற்றுள் எதைத் தாங்க முடியும்? தமக்கையார் அன்று நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு வளையல்களைக் கழற்றிய கையாலேயே மீண்டும் அணிந்துகொண்டு, “நவம்பரில் பார்க்கலாம்” என்றார். அதுவரையில் பையன் கல்லூரிப் பேருந்தில் போனான். சனிக்கிழமைதோறும் பாகாலா வழியாகச் சித்தூர் செல்லும் ரெயிலில் தாயைக் காணச் சென்றான்.

இந்த இடைக்காலத்தில் நமக்கு ஒரு கடிதம் வந்தது. நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவரின் மகள் குடும்பத்தோடு கனடாவில் வாழ்கிறார். அவருடைய மகன் பனிமலையில் ஓட்டும் ஸ்நோமொபைல் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். கியூபெக் மாகாணத்து ஜோசப் ஆர்மன் பொம்பார்டியே என்பவர் 1959-இல் ‘ஸ்கீ-டூ’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டியின் வழித்தோன்றல் அது. முன்னே இரு சறுக்குக் கட்டைகள். பின்னே சுழலும் அகன்ற பட்டை. நம் நாட்டிலும் காச்மீரத்துக் குல்மார்க்கில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓடுவதுண்டு. மலைக்கென்று செய்தவற்றில் அப்பட்டை நீண்டும் அதன் பற்கள் உயர்ந்தும் இருக்கும். இல்லையேல் வண்டி பஞ்சுபோன்ற பனியில் புதையும். எஞ்சின் 600 சி.சி., 850 சி.சி. எனப் பல அளவில் உண்டு. எடையோ இருநூறு கிலோவை எட்டும். பையன் கேட்டது 850. அவ்வம்மையார் விசாரித்த அநுபவசாலிகள் சொன்னது: பழகுகிறவனுக்கு 600-உம் அதிகமே, பனியில் புதைந்தால் தன் கையால் இழுத்தெடுக்கக்கூடிய வண்டியாக இருக்கவேண்டும், பனிச்சரிவில் அகப்பட்டால் இருப்பிடங்காட்டும் கருவியும் மண்வாரியும் வாங்கப் பணம் மிச்சமிருக்க வேண்டும். கடிதத்தைப் படித்து நாம் சிரித்துவிட்டோம். பனிக்கட்டியைக் குளிர்பெட்டியில் மட்டுமே கண்ட திருப்பதியில் நம் மருமானுக்கு நாம் சொல்ல நினைத்தவையே அவை.

தன் கையால் தூக்கி நிறுத்தக்கூடியதா? நாம் பையனை நான்கு கடைகளுக்கு அழைத்துச் சென்றபோது கேட்கச் சொன்ன முதற் கேள்வி இதுதான். இருக்கையில் அமர்ந்து இரு பாதங்களும் தரையில் முழுவதும் படிகின்றனவா என்பது இரண்டாவது. 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் என்ஃபீல்டு மரபில் வந்த 350 சி.சி. ‘கிளாசிக்’ வண்டியின் எடை சுமார் 195 கிலோ. ஹீரோ நிறுவனத்தாரின் ‘ஸ்ப்ளெண்டர்’ 97 சி.சி.; எடை சுமார் 112 கிலோ. பையன் ஐம்பத்து நான்கு கிலோ. நெரிசலில் பக்கவாட்டில் சாயும் வண்டியைத் தாங்குவது முழங்காலும் இடுப்புமே என்பதை அவன் பெரிய வண்டியைச் சற்றே சாய்த்துப் பார்த்தபோது தானே அறிந்தான். விற்பனையாளர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

அவ்விற்பனையாளரும் எளியவரல்லர். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைச் சொல்லி, “மிச்சமாகும் பணத்தில் ஒருபடி மேலே போகலாமே, சார்!” என்றார். மிச்சமாகும் பணத்தில் ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள நல்ல தலைக்கவசமும், கையுறையும், கணுக்காலை மூடும் காலணியும் வாங்கலாம் என்று நாம் சொன்னதும், அவருக்கு நம்மிடத்து இருந்த அன்பு சற்றுக் குறைந்தாற்போலத் தோன்றிற்று.

ஸ்கூட்டரா, கியர் வண்டியா என்பதில் நம் இல்லாளுக்கும் நமக்கும் கருத்து வேற்றுமை. ஸ்கூட்டரே பழகுவதற்கு எளிது என்பது அவர் வாதம். நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்க்கு அது முற்றும் உண்மை. நாம் மறுத்ததற்குக் காரணம் வேறு. அதனை இதுகாறும் இப்பகுதியில் எழுதியதில்லை.

பதினோராண்டுகளுக்கு முன், இரவல் வாங்கிய ஸ்கூட்டரில், பின்னே ஒரு நண்பரை அமர்த்திக்கொண்டு திருமலையிலிருந்து இறங்கினோம். திருமலை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டர். திருப்பதி 160 மீட்டர் அளவே. இப்பொழுது இறங்குவதற்குப் பயன்படும் பாதையே பழைய பாதை, 1944-இல் திறக்கப்பட்டது. ஏறுவதற்கான பாதை 1974-இல் வந்தது. பழைய பாதையில் கொண்டையூசி வளைவுகள் பல. நாம் செய்த பிழை, உச்சியிலிருந்தே பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் பெரும்பகுதியை அந்தச் சிறு பிரேக் உருளைகளே சூடாக வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பாதி வழியில் கருகிய நாற்றம் வந்தது. பிடி தளர்ந்தது, நெம்பை முழுவதும் அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. ஒரு வளைவில் மண்மேட்டின்மேல் சாய்ந்து வீழ்ந்தோம். நமக்கு முழங்கை, நண்பருக்கு மணிக்கட்டு எலும்பு. அவர் இன்றும் கனமான தூக்குச் சட்டியை இடக்கையாலேயே எடுக்கிறார். நம்மை ஒருநாளும் கடிந்ததில்லை. அதுதான் நமக்குப் பொறுக்க முடியாதது.

கியர் வண்டியில், தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். கியரற்ற ஸ்கூட்டரில் அப்பிடிப்பு குறைவு. வேகம் தணிந்ததும் அறவே விட்டுவிடும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்குக என்பது மலைநாட்டு ஓட்டுநர் வழக்கு. ரெயிலுக்கும் இதே கவலைதான். பம்பாய்க்கருகே போர்க் கணவாயில் பிடி தவறிய வண்டியைத் திருப்பி மேட்டில் ஏற்றி நிறுத்துவதற்கென்றே தனி இருப்புப் பாதைகள் போட்டு வைத்தார்கள். ஸ்கூட்டருக்கு அப்படியொரு பாதை யார் போடுவார்?

பிரேக்கைப் பற்றி இன்னும் ஒரு சொல். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரமும் பிடிக்கும் இணைப்பு அமைப்பும் கட்டாயமாயின. ஆகையால் மலிவாகக் கிடைக்கிறதென்று அதற்கு முந்திய பழைய வண்டியைப் பிள்ளைக்கு வாங்குவது நமக்கு உவப்பில்லை.

பழைய வண்டி என்றதும் நம்மவர்க்கு வேலூரும் காட்பாடியும் நினைவுக்கு வரும். அங்கே மாமன் மச்சான் வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை அப்படியே ஓட்டிவந்துவிடுவோம். பிற மாநிலப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கு வைத்திருந்தால் ஆந்திரப் பதிவு பெறவேண்டும். அதற்கு முதலில் பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கே சாலை வரியும் கட்டவேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மலிவு அவ்வளவு மலிவாக இராது. புது வண்டியிலும் ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை விலையோடு சேரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

நவம்பரில் வாங்கினோம். 100 சி.சி. அளவிலான, நான்கு கியர் வண்டி, கறுப்பு நிறம். பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டு நாள் அதன் அருகே செல்லவுமில்லை. தமக்கையார் ஒரு வளையலோடு நிறுத்திக்கொண்டார். மற்றொன்று கையிலேயே இருக்கிறது.

பழகுநர் உரிமம் வந்த பிறகு, விடியற்காலையில் ஒரு வெற்றுத் திடலில் பயிற்சி. முதல் நாள் எஞ்சின் பதினொரு முறை நின்றது. நாம் எண்ணினோம் என்பதை அவனிடம் சொல்லவில்லை. பழகுநர் காலத்தில் பயிற்றுவிப்பவரைத் தவிர வேறெவரையும் பின்னே ஏற்றக்கூடாது என்பது விதி. ஆகவே காணிப்பாக்கம் விநாயகர் சந்நிதியில் வண்டிக்குப் பூசை போடச் சென்ற நாளில் சித்தூரிலிருந்து பின்னே அமர்ந்து சென்றது நாமே. எலுமிச்சம்பழத்தைச் சக்கரம் நசுக்கியபோது தமக்கையார் கைகூப்பி நின்றார். திரும்பும்போது அவர் பேருந்தில் ஏறிக்கொண்டு, சன்னல் வழியே கண்ணுக்கெட்டும் வரை எங்களையே பார்த்து வந்தார்.

நிபந்தனைகள் மூன்று வைத்தோம். சித்தூருக்கு எப்பொழுதும் ரெயிலிலேயே செல்வது. உரிமம் வரும்வரை நண்பனை ஏற்றாதது. நம்முடனன்றி மலைப்பாதையில் கால் வையாதது. முதலிரண்டும் எளிதில் நிறைவேறின. மூன்றாவதற்கு ஒருநாள் வாக்குவாதம் முற்றி, “மாமா, நீங்கள் விழுந்தீர்கள் என்பதற்காக நானும் விழவேண்டுமா?” என்று கேட்டுவிட்டான். அன்றுதான் அவனை அந்நண்பர் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். அவர் காப்பி கொடுத்தார், இடக்கையால். கதையை அவரே சொன்னார். நம்மைக் குற்றம் சொல்லாமலே சொன்னார். திரும்பும் வழியில் பையன் பேசவில்லை.

ஜனவரியில் தேர்வு எழுதி உரிமம் பெற்றான். ஒருநாள் காலை அவன் தன் வண்டியிலும் நாம் நம் வண்டியிலுமாகத் திருமலை சென்று சேவித்துத் திரும்பினோம். வேகமாக இறங்குவோரைத் தடுக்க, இறங்குவதற்கு நாற்பது நிமிடத்துக்குக் குறையக்கூடாதென்று தேவஸ்தானத்தார் வரையறுத்திருந்ததுண்டு. நாம் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டோம். இரண்டாங் கியரில் அவன் எஞ்சின் முனகிக்கொண்டே இறங்கிற்று. பின்விளக்கு வளைவுக்கு முன்னே எரியும், வளைவுக்குள் அணையும். அந்த மண்மேட்டை நாம் அடையாளம் கண்டோம், அவனுக்குக் காட்டவில்லை.

அலிபிரியில் நிறுத்தியதும் அவன் குந்தி அமர்ந்து, பின்சக்கரத்துப் பிரேக் உருளையின்மேல் விரலை மெல்ல வைத்துப் பார்த்தான்.

“வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, மாமா. சுடவில்லை.”

நம் வண்டியினதையும் தொட்டுப் பார்த்தான். அது சற்றுச் சுட்டதாம்.